கடைசிப் பாய்வரை கேட்ட குரல்

தீவகத்துக் கூத்தைப் பற்றிப் பேசுவோர் உடுப்பையும் மெட்டையும் சொல்வர், தொண்டையைச் சொல்வதில்லை. எனக்கு அது பெருங்குறையாகவே படுகிறது.

ஊர்காவற்றுறைத் தீவின் மெலிஞ்சிமுனை, கத்தோலிக்கத் தென்மோடிக் கூத்துக்குப் பேர்போன கடலோரக் கிராமம். ஒலிவாங்கி வருமுன், விடியவிடிய நடக்கும் கூத்தில் கடற்காற்றையும் மீறிப் பாட்டு கடைசிப் பாய்வரை போகவேண்டும். கத்தினால் குரல்நாண்கள் மோதி வீங்கும். நடுச்சாமத்தில் இராசா வாயசைக்கத்தான் முடியும்! மூச்சை அடிவயிற்றால் தாங்கி, தொண்டையை இறுக்காமல் பாடினால், அதே ஒலி தொண்டைக்குழியிலும் வாயிலும் முழங்கிப் பெருகும். பயின்ற ஒப்பெராப் பாடகரின் குரலில், செக்கனுக்கு 3000 அதிர்வுகளை அண்டி ஒலி திரண்டு வாத்தியக் குழுவையும் மேவி நிற்பதை, சுவீடனின் யொஹான் சுண்ட்பெர்க் 1970களில் விளக்கினார். நமது காதும் அந்த இடத்திலேதான் கூர்மை.

பிற்பாட்டை வெறும் அலங்காரம் என்போருடன் நான் உடன்படேன். ஆடுபவர் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடும் அந்தச் சிறுபொழுதிலேதான் அவருக்கு மூச்சு மீள்கிறது, தொண்டை ஆறுகிறது. இரவு முழுவதையும் தாங்கியது அந்த ஏற்பாடுதான்.

இந்தப் பழக்கம் ஏட்டில் இல்லை. அண்ணாவியார் பக்கத்தில் நின்று மாதக்கணக்காகக் கேட்டுப் பிடிப்பது. 1990இல் போர் தீவக மக்களை இடம்பெயர்த்தபோது அந்த ஒத்திகை இரவுகளும் அறுந்தன. ஊர் திரும்பியவர்கள் கூத்தை மீண்டும் ஆடினார்கள், ஒலிவாங்கியோடு.