மருந்தின் அளவும் மானின் உயிரும்

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ் மக்களுட் பலர், விடுமுறைக் காலத்தில் மூணாற்றுக்குச் சென்று இரவிகுளத்து வரையாடுகளைக் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். மனிதரைக் கண்டு மருளாது பாதையோரத்தில் மேயும் அவ்விலங்குகள் ஒரு காலத்தில் துப்பாக்கி ஏந்தியவர்களின் பொழுதுபோக்கிற்காகவே காக்கப்பட்டன என்பதைப் பலர் அறியார். அவ்வரலாற்றை ஒரு சிறு பொருளைக் கொண்டு நோக்குவோம். துப்பாக்கியில் இடும் மருந்தின் அளவே அப்பொருள்.

பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே நெல்லியாம்பதியில் தொடங்கி, பறம்பிக்குளம், ஆனைமலை வழியாக மூணாறு, மறையூர் வரை செல்வது தொடர்ச்சியான மலைநாடு. ஆங்கிலேயர் காலத்தில் அது மூன்று ஆட்சிகளுக்கு உட்பட்டிருந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. பறம்பிக்குளம் கொச்சியைச் சேர்ந்தது. மூணாறு திருவிதாங்கூரைச் சேர்ந்தது. கடமானுக்கும் வரையாட்டுக்கும் இவ்வெல்லைகள் தெரியுமோ? சென்னைப் படையைச் சேர்ந்த டக்ளஸ் ஹாமில்டன் 1862இல் ஆனைமுடியின் உச்சியை அடைந்தார். 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். தோட்டங்கள் தோன்றின, தோட்டத் துரைமாரோடு வேட்டைத் துப்பாக்கிகளும் மலையேறின.

அக்காலத்தின் முற்பகுதியில் துப்பாக்கிக்கு மருந்திடுவது வேட்டைக்காரனின் கைத்தொழிலாகவே இருந்தது. கருமருந்தை அளந்து குழலில் இட்டு, குண்டை வைத்துக் கோலால் இடித்துக் கெட்டிப்பர். மருந்து குறைந்தால் குண்டு மானின் உடலில் ஆழப் புகாது. மிகுந்தால் தோளில் உதைத்துக் குறி தவறும். மருந்தை நிறுத்த அளவுக்குக் கிரெயின் என்று பெயர். தானிய மணி என்பதே அச்சொல்லின் பொருள். ஏழாயிரம் கிரெயின் ஒரு பவுண்டு. நம் பொற்கொல்லர் கையாண்ட குன்றிமணி எடை, இரண்டு கிரெயினுக்குச் சற்றே குறைவு. பொன்னை நிறுப்பது போன்ற கவனத்தோடு மருந்தை நிறுத்தவனே நல்ல வேட்டைக்காரன் எனப்பட்டான்.

இக்கவனத்திற்குக் காரணம் திறமை பற்றிய பெருமை மட்டுமன்று. காயமுற்று ஓடிய கடமான் சோலைக் காட்டின் இருளுக்குள் புகுந்து பல நாள் துடித்துச் சாகும். அதனைத் தேடிச் சென்று முடிக்காமல் திரும்புவது இழுக்கு என்பது வேட்டையாடுவோர் தமக்குள் வகுத்துக்கொண்ட நெறி. ஒரே அடியில் உயிர் போக வேண்டும் என்பதே மருந்தளவுக் கணக்கின் உட்பொருள்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கணக்கு மாறியது. 1884இல் பிரான்சில் புகையில்லா மருந்து தோன்றியது. 1889இல் ஆங்கிலேயர் கார்டைட் என்னும் மருந்துக்கு உரிமை பெற்றனர். .303 படைத்துப்பாக்கியின் தோட்டாவில் முன்பு சுமார் 70 கிரெயின் கருமருந்து இட்டனர். கார்டைட்டில் சுமார் 31 கிரெயினே போதியதாயிற்று. கார்டைட் பொடியன்று, நூற்கயிறு போன்ற இழைகளின் கட்டு. பித்தளைக் கூட்டின் கழுத்தைக் குறுக்குமுன்பே அதை உள்ளே வைத்துவிடுவர். ஆதலின் வேட்டைக்காரன் வீட்டில் அமர்ந்து அத்தோட்டாவை மீண்டும் நிரப்புவது எளிதன்று. கைப்பிடியில் இருந்த அளவு தொழிற்சாலைக்குச் சென்றது. அத்தொழிற்சாலைகளுள் ஒன்று நம் நீலகிரியிலேயே அமைந்தது. உதகை மலைரயிலில் செல்வோர் காணும் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை, 1904ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கப்பெற்றது.

கார்டைட்டுக்கு ஒரு குறை உண்டு. வெயிலில் சூடேறிய தோட்டா வெடிக்கும்போது அழுத்தம் மிகுந்து, வெற்றுக்கூடு குழலின் அறையில் சிக்கிக்கொள்ளும். இதனால் வெப்ப நாடுகளுக்கெனச் சற்றுக் குறைந்த மருந்திட்ட தோட்டாக்களைத் தனியே செய்தனர். காலையில் பனியும் நண்பகலில் கடும் வெயிலும் காயும் மறையூர்ப் பக்கத்தில் இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதே.

துப்பாக்கியின் நீளமும் குறைந்தது. செங்குத்தான சரிவில் ஏறிச் சோலைப் புதரில் நுழைபவனுக்கு நீண்ட குழல் இடையூறு. தாழ்ப்பாள் போல இழுத்துத் தள்ளும் பொறியமைந்த குறுந்துப்பாக்கிகள் விருப்பம் பெற்றன. 1903இல் வெளிவந்த ஆஸ்திரிய நாட்டு மான்லிகர் ஷோனாவர் அவ்வகையில் புகழ்பெற்றது. குறுங்குழலில் மிகுந்த மருந்திடுவதால் பயனில்லை. மருந்து முழுதும் எரியுமுன் குண்டு வெளியேறிவிடும். ஒலியும் ஒளியுமே மிஞ்சும். ஆகவே அத்துப்பாக்கி வேகத்தை நாடாமல், 160 கிரெயின் எடையுள்ள மெலிந்து நீண்ட குண்டை நம்பியது.

குண்டின் முனையைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. கொல்கத்தாவில் வாழும் நேயர்கள் டம்டம் என்ற ஊரை விமான நிலையத்தால் அறிவர். 1890களில் அங்கிருந்த படைக்கலச் சாலையில், முனையில் ஈயம் வெளித்தெரியும் குண்டு செய்யப்பட்டது. உடலிற் பட்டதும் அது விரிந்து பெரும்புண் செய்யும். கொடியது எனக் கருதி 1899இல் ஹேக் மாநாடு போரில் அத்தகைய குண்டுகளை விலக்கியது. ஆனால் வேட்டையில் அதே மென்முனைக் குண்டே இரக்கமுடையது எனப்பட்டது. முழுக்கவசக் குண்டு மானை ஊடுருவிச் சென்றுவிடும். மான் ஓடி, நெடுநேரம் வருந்திச் சாகும். மென்முனைக் குண்டோ நின்ற இடத்திலேயே வீழ்த்தும். மனிதன்பால் கொடுமையெனப்பட்டது மானின்பால் கருணையெனப்பட்டதை எண்ணிப் பார்த்தல் தகும்.

அளவை வகுப்பதில் அரசும் தலையிட்டது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமச் சீட்டு வேண்டுமென்றது, ஐரோப்பியர்க்கோ விலக்களித்தது. 1879இல் நீலகிரிக்கென இயற்றப்பட்ட சட்டம், வேட்டை கூடாத மாதங்களை வகுக்க வழிசெய்தது. 1907ஐ ஒட்டி, படைத் தோட்டாக்கள் கிளர்ச்சியாளர் கைக்குப் போகுமென்ற அச்சத்தால், .303, .450 ஆகிய விட்டங்கள் இந்தியாவில் தனியார்க்கு மறுக்கப்பட்டன. இலண்டன் தொழிலாளர் .470 முதலிய புதிய விட்டங்களைப் படைத்தனர். பிற்காலத்தில் வங்காளத்து இஷாப்பூர்த் தொழிற்சாலை.315 வேட்டைத் துப்பாக்கியைச் செய்தது.

மூணாற்றுத் தோட்டத் துரைமார் 1928இல் வேட்டை விலங்குக் காப்புச் சங்கம் ஒன்றை நிறுவினர். இரவிகுளம் அவர்களது வேட்டைக்காடாயிற்று. அங்கே காவலராகவும் வழிகாட்டிகளாகவும் பணியாற்றியவர் முதுவர். மதுரையிலிருந்து வந்தோமெனத் தம் மரபுக் கதையிற் சொல்லும் மலைமக்கள். சுவடு கண்டு சொன்னவரும், காயமுற்ற விலங்கின் பின்னே புதரில் நுழைந்தவரும் அவர்களே. துரைமாரின் வேட்டை நூல்களில் துப்பாக்கியின் விட்டமும் கொம்பின் நீளமும் அங்குலக் கணக்கில் நிற்கின்றன. உடன் சென்றவரின் பெயர்களோ பெரும்பாலும் இல்லை. சமவெளியிலிருந்து தேயிலை கிள்ளச் சென்ற தமிழ்த் தொழிலாளரின் கதையும் இதற்கு மாறானதன்று.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, அச்சங்கத்தின் பெயரே ஒரு பாடம். ‘கேம்’ என்ற ஆங்கிலச் சொல் விளையாட்டையும் குறிக்கும்; வேட்டையாடத்தக்க விலங்கையும் குறிக்கும். தமிழில் அவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறிக்க இயலவில்லை. பின்னாளில் அச்சங்கமே அச்சொல்லை நீக்கி, ‘வனவிலங்கு’ எனப் பெயர் மாற்றிக்கொண்டது. 1971இல் கேரள அரசு கண்ணன் தேவன் மலைநிலங்களை மீட்கச் சட்டம் இயற்றியது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1975இல் சரணாலயமான இரவிகுளம் 1978இல் தேசியப் பூங்காவாயிற்று. பறம்பிக்குளம் 1973இல் சரணாலயமாகி, 2010இல் புலிகள் காப்பகமாயிற்று. 2025 ஏப்ரலில் கேரளமும் தமிழ்நாடும் ஒருங்கே வரையாடுகளைக் கணக்கெடுத்தபோது, இரு மாநிலத்திலுமாக 2,600க்கு மேற்பட்டவை இருப்பதாக மதிப்பிடப்பட்டது.

சுடுவதற்காகக் காத்தவர்களால் ஓரினம் பிழைத்தது என்பதை மறுப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. அக்காவலின் பெரும்பகுதி முதுவர் கால்களால் நடந்தது என்பதை மறப்பதும் நேர்மையாகாது. மருந்தின் அளவு முதலில் வேட்டைக்காரன் கையிலும், பின்பு தொழிற்சாலையிலும், அதன்பின் அரசின் சீட்டிலும் இருந்தது; இன்று சட்டம் அதனைச் சுழியமாக்கிவிட்டது. அடுத்த முறை இரவிகுளத்தில் வரையாட்டைக் காணும் நேயர்கள், பக்கத்தில் நிற்கும் முதுவக் காவலரிடம் அவர் பெயரையும் கேட்டறிந்து வருவார்களாக.