பில்லின் அடியில் ஒரு கையெழுத்து

போன வருஷம் மயிலாப்பூரில் ஒரு மருந்துக்கடை. அப்பாவுக்காக இரண்டு டாக்டர்கள் எழுதிய சீட்டுகளை நீட்டினேன். உள்ளே இருந்த பெண் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "சார், ரெண்டுலயும் அம்லோடிபின்தான். கம்பெனி பேர்தான் வேற. சேர்த்துப் போட்டா பிரஷர் ரொம்ப இறங்கிடும், கேட்டுட்டு வாங்க."

டாக்டர் ஒன்றை அடித்துவிட்டுக் கேட்டார்: "மெடிக்கல் ஷாப்லயா சொன்னாங்க?" அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் அந்தப் பெண்ணை பில் போடுகிறவர் என்றுதான் நினைத்திருந்தேன்.

கம்பவுண்டருக்கு இந்தக் கதி இல்லை. டாக்டர் எழுதுவார், தடுப்புக்குப் பின்னால் இவர் பொடி அரைப்பார், மிக்ஸ்சர் கலப்பார். நாம் கழுவி எடுத்துப்போன பாட்டிலில் ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று தெரிய, ஓரத்தில் பல்பல்லாக வெட்டிய காகிதத்தை ஒட்டித் தருவார். டாக்டரிடம் கேட்கத் தயங்கியதை இவரிடம் கேட்கலாம். மோர் சாப்பிடலாமா, தலைக்குக் குளிக்கலாமா? (கச்சேரி ரோட்டு டப்பா செட்டி கடையில் பிரசவ லேகியத்துக்குச் சாமான் வாங்குபவர்கள் இன்றும் இப்படித்தான் கேட்கிறார்கள், சொன்னதை நம்புகிறார்கள்.) சில கம்பவுண்டர்கள் தாங்களே வைத்தியம் பார்க்கத் தொடங்கியதும் உண்டு. டாக்டர்களின் எரிச்சலுக்கு அதுவும் ஒரு காரணம்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் 19ஆம் நூற்றாண்டிலேயே மருந்தாளுநர் வகுப்பு நடந்தது. ஆனாலும் கடை வைக்கப் படிப்பு கட்டாயமில்லை. கலப்பட மருந்துகள் குவிந்தபோது அரசு 1930இல் ராம்நாத் சோப்ரா தலைமையில் குழு அமைத்தது. 1940இல் மருந்துச் சட்டம், 1948இல் பார்மசி சட்டம். ஐந்து வருஷம் மருந்து கலந்த கம்பவுண்டர்களையும் முதல் பதிவேட்டில் சேர்க்க அதில் வழியிருந்தது.

சட்டம் அவர்களுக்குப் பெயர் கொடுத்த நேரம் பார்த்து கல்வம் காணாமல்போனது. மாத்திரை ஆலையிலிருந்து அட்டையாகவே வந்தது. கை செய்த வேலையை ஜனங்கள் கண்ணால் பார்த்தார்கள். இரண்டு சீட்டை ஒப்பிடும் மூளையை எப்படிப் பார்ப்பது? போதாக்குறைக்கு, சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்கி, உரியவர் கடைப்பக்கமே வராத வழக்கமும் வந்தது. மருந்தை விளக்கிச் சொல்வது மருந்தாளுநரின் கடமை என்று 2015 விதிமுறைகள் எழுதிவைத்தன. வரிசையில் நிற்கும் நமக்கோ, "சீக்கிரம் குடுங்க" என்பதுதான் பேச்சு.

திருத்திய சீட்டோடு திரும்பப் போனேன். அந்தப் பெண் அட்டையில் பேனாவால் 'காலை மட்டும்' என்று எழுதினார். பில்லின் அடியில், 'பதிவுபெற்ற மருந்தாளுநர்' என்று அச்சிட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டார். எத்தனையோ பில் வாங்கியிருக்கிறேன், அந்த இடத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.