தாம்பாளத்தில் ஒரு நூற்கண்டு

கொரியர்கள் குழந்தையின் முதல் பிறந்தநாளை 'தொல்' என்று சொல்கிறார்கள். நம்ம தொல்காப்பியத்துத் 'தொல்'லுக்கும் இதற்கும் உறவு தேட வேண்டாம். அப்பாவை 'அப்பா' என்றும் அம்மாவைக் கிட்டத்தட்ட 'ஒம்மா' என்றும் அவர்கள் கூப்பிடுவதைக் கேட்ட நாளிலிருந்து நம்மவர்களுக்கு அந்தப் பக்கம் ஒரு தனிப் பாசம். மேடைக்கு மேடை சொல்லிப் பூரித்துப் போகிறோம். அந்த ஆராய்ச்சியை விஷயம் தெரிந்தவர்களுக்கு விட்டுவிட்டு, தொல் அன்று நடக்கும் ஒரே ஒரு சடங்கைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். அதற்குத் 'தொல்ஜாபி' என்று பெயர்.

சடங்கு ரொம்ப எளிமையானது. பட்டை பட்டையாகப் பல வண்ணம் தைத்த கைகளுள்ள பட்டுச் சட்டையைப் போட்டு, குழந்தையை ஒரு தாழ்ந்த மேசையின் முன் உட்கார வைப்பார்கள். மேசையில் நூற்கண்டு, எழுதும் தூரிகை, புத்தகம், அரிசி, பணம், வில் அம்பு எல்லாம் பரப்பியிருக்கும். பெண் குழந்தையானால் வில்லுக்குப் பதில் கத்தரிக்கோல், அளவுகோல், ஊசி. குழந்தை எதை முதலில் எடுக்கிறதோ அதுவே அதன் வருங்காலம். தூரிகையோ புத்தகமோ எடுத்தால் படிப்பாளி, அரிசியோ பணமோ எடுத்தால் செல்வம், வில் எடுத்தால் வீரன், நூலை எடுத்தால் தீர்க்காயுசு.

ஆணுக்கு வில், பெண்ணுக்கு ஊசி என்பதைப் பார்த்து நாம் முகம் சுளிக்க வேண்டியதில்லை. நம்முடைய பிள்ளைத்தமிழிலும் கடைசி மூன்று பருவங்களில் ஆண்பிள்ளைக்குச் சிறுபறையும் சிறுதேரும் உண்டு, பெண்பிள்ளைக்கு அம்மானையும் கழங்கும் ஊசலும்தான். பாட்டுடைத் தலைவி மீனாட்சியே ஆனாலும் தேர் கிடையாது!

தமிழ்க் குழந்தை ஒன்றை அந்த மேசை முன் உட்கார வைத்தால் இன்னொரு சங்கடமும் வரும். 'நூலை எடு' என்றால் அது எதை எடுப்பது? கண்டும் நூல்தான், புத்தகமும் நூல்தான். நூல் என்ற பெயருக்குக் காரணம் சொல்ல வந்த பவணந்தியார், நன்னூலில், பஞ்சிலிருந்து இழை நூற்பதைத்தான் உவமையாக எடுத்துக்கொண்டார். கொரியர்களுக்கோ இரண்டும் வேறு வேறு. ஒன்று ஆயுள், மற்றது அறிவு. இந்த இரண்டில் எது மூத்தது என்று யோசிக்கப் போய்த்தான் நான் இந்தச் சடங்கின் வரலாற்றைத் தேடினேன்.

இதன் வேர் சீனத்தில் இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த யான் ஜிதுயி என்ற அறிஞர் தம் குலத்துப் பிள்ளைகளுக்காக ஓர் அறிவுரை நூல் எழுதினார். யாங்சி ஆற்றின் தென்பகுதி வழக்கமாக இதை அதில் குறிப்பிடுகிறார். ஒரு வயது நிறைந்த குழந்தையைக் குளிப்பாட்டி, புதுத்துணி உடுத்தி, ஆண் என்றால் வில், அம்பு, காகிதம், தூரிகை, பெண் என்றால் கத்தி, அளவுகோல், ஊசி, நூல், கூடவே தின்பண்டமும் விலையுயர்ந்த பொருள்களும் முன்னால் வைப்பார்களாம். குழந்தை பேராசைக்காரனா நேர்மையானவனா, மந்தமா புத்திசாலியா என்று அதை வைத்துப் பார்ப்பார்களாம். 'குழந்தையைச் சோதித்தல்' என்பது அதன் பெயர். கவனியுங்கள், என்ன வேலைக்குப் போகும் என்பதல்ல அன்றைய கேள்வி, என்ன குணம் என்பதுதான்.

பிற்பாடு இது பெரிய மனிதர்களின் பிள்ளைப் பருவக் கதையாகிவிட்டது. சோங் அரச காலத்துத் தளபதி சாவ் பின் (931–999) ஒரு கையில் ஆயுதத்தையும் மறு கையில் வழிபாட்டுப் பாத்திரத்தையும் எடுத்து, அப்புறம் முத்திரையையும் எடுத்தாராம். 'சிவப்பு மாளிகைக் கனவு' என்ற புகழ்பெற்ற சீன நாவலின் நாயகன் பாவ்யூ, குழந்தையாக இருந்தபோது மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பெண்களின் முகப்பூச்சையும் நகையையும் பிடித்துக்கொள்ள, தகப்பனாருக்கு வந்த கோபம் கடைசிவரை தணியவில்லை. ஒரு வயசுப் பிள்ளைமேல் என்ன கோபம் என்று நமக்குத் தோன்றும். ஆனால் மேசையில் அதை வைத்ததே அவர்தானே!

கொரியாவுக்கு வருவோம். அங்கே குழந்தை பிறந்த வீட்டு வாசலில் வைக்கோல் புரி கட்டுவார்கள். ஆண் என்றால் அதில் சிவப்பு மிளகாய், பெண் என்றால் கரியும் பைன் கிளையும். மூவேழு இருபத்தொரு நாள் வெளியார் உள்ளே வரக்கூடாது. நம்ம ஊரில் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைப்பேற்றைக் காக்கும் 'சம்ஷின்' பாட்டிக்குச் சோறும் கடற்பாசிக் குழம்பும் படைப்பார்கள். நூறாம் நாள் ஒரு விழா. அன்று வெள்ளை அரிசியில் ஆவியில் வெந்த பலகாரத்தை நூறு வீட்டுக்குக் கொடுத்தால் பிள்ளை நெடுநாள் வாழும் என்பது நம்பிக்கை. சோள மாவில் உருண்டை பிடித்துச் செம்பயறு புரட்டிய பலகாரமும் உண்டு, சிவப்பு நிறம் தீயசக்தியை விரட்டும் என்று. பலகாரம் வந்த தட்டை வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள், கொஞ்சம் அரிசியோ பணமோ நூலோ வைத்துத்தான் தருவார்கள். (நொய்டாவில் எங்கள் மேல்மாடிக் கொரியக் குடும்பம் கொடுத்தனுப்பிய தட்டில் என் மனைவி கற்கண்டு போட்டுத் திருப்பித் தந்தாள். அவர்கள் வழக்கம் எதுவும் அவளுக்குத் தெரியாது, நம்ம வழக்கம் மட்டும்தான் தெரியும்.)

இருபத்தொன்று, நூறு, முந்நூற்று அறுபத்தைந்து என்று இப்படி எண்ணி எண்ணிக் கொண்டாடியதற்குக் காரணம் சந்தோஷம் மட்டுமல்ல, பயம். பெரியம்மையும் தட்டம்மையும் வயிற்றுக்கடுப்பும் யார் வீட்டையும் விட்டுவைக்காத காலம் அது. அரண்மனை மட்டும் விலக்கா? ஜொங்ஜோ மன்னர் (ஆட்சி 1776–1800) தம் முதல் மகனை 1786-ல், நாலு வயது நிறையுமுன் இழந்தார். 1790-ல் அடுத்த மகன் பிறந்தான். மறு ஆண்டு அவனுடைய தொல் அன்று முதலில் எடுத்தது வண்ண நூல் என்று அரசவைப் பதிவேடு எழுதி வைத்திருக்கிறது. ஒரு நாட்டின் அரசாங்க ஆவணம் ஒரு குழந்தை நூலை எடுத்ததைக் குறித்துவைக்கிறது என்றால் அந்த அரண்மனை எவ்வளவு பயந்து போயிருக்கும்! அந்தக் குழந்தைதான் சுன்ஜோ மன்னர். 1834-ல் 44 வயதில் இறந்தார்.

என்னை மிகவும் பாதித்தது இன்னொரு தாத்தாவின் பதிவு.

யி முன்கொன் (1494–1567) அரசருடைய செயலர்களுள் ஒருவராக இருந்தவர். 1545-ல் நடந்த அரசியல் களையெடுப்பில் அவருடைய உடன்பிறந்தார் மகன் கொல்லப்பட்டார், இவர் தென்கிழக்கே சொங்ஜு என்ற ஊருக்கு நாடுகடத்தப்பட்டார். சாகும்வரை அங்கேயேதான். பெற்ற பிள்ளைகளில் பெரும்பாலோரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தவர். எஞ்சிய மகனும் சிறுவயதில் வந்த நோயால் புத்தி மழுங்கிப் போனவர். இந்த நிலையில் 1551-ல் அந்த மகனுக்கு ஓர் ஆண்குழந்தை பிறந்தது. பெயர் சுபோங். தாத்தா எழுத ஆரம்பித்தார். பல் முளைத்தது, உட்கார்ந்தது, தவழ்ந்தது, நின்றது, காய்ச்சல் வந்தது, அம்மை போட்டது என்று கவிதையும் உரைநடையுமாகப் பதினாறு வருஷம் எழுதினார். 'யாங்-ஆ-ரோக்', குழந்தை வளர்ப்புக் குறிப்பு என்று பொருள். கொரியாவில் பெரியவர் ஒருவர் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதிய பழைய நாட்குறிப்பாக இன்று இதைப் போற்றுகிறார்கள். வேறு வேலை இல்லாததால் எழுதுகிறேன், பேரன் பெரியவனாகிப் படித்தால் தாத்தாவின் மனசு தெரியும் என்று அவரே காரணம் சொல்லியிருக்கிறார்.

1552-ல் தொல் வந்தது. பேரன் முதலில் தூரிகையையும் மையையும் எடுத்தான். பிறகு ஒரு வளையம், வில், அரிசி, முத்திரை. தாத்தா பூரித்துப் போனார். இந்தப் பூரிப்பின் கனம் நமக்குப் புரிய வேண்டும். ஜோசொன் கொரியாவில் குடும்பத்தின் மரியாதை அரசுத் தேர்வில் நின்றது. தலைமுறை தலைமுறையாக யாரும் தேறவில்லையென்றால் பெயர் மட்டும்தான் மிஞ்சும். தாத்தா குற்றவாளி, அப்பாவால் படிக்க முடியாது. ஒரு வயசுப் பிள்ளை கையில் பிடித்த அந்தத் தூரிகைதான் குடும்பத்தைத் தூக்கி நிறுத்த வேண்டும்.

பையனுக்குப் படிப்பு ஏறவில்லை. விளையாட்டுக்கு ஓடினான், கூப்பிட்டால் வரமாட்டான். தாத்தா பிரம்பை எடுத்தார். அடித்துவிட்டு, பையன் குப்புற விழுந்து அழுவதைப் பார்த்துத் தனக்கும் அழுகை வந்ததை அவரே எழுதுகிறார். பதின்மூன்று, பதினாலு வயதில் குடிக்கக் கற்றுக்கொண்டான். வீட்டுப் பெண்களையும் ஆளுக்குக் கொஞ்சம் அடிக்கச் சொல்லி, மிச்சத்தைத் தாம் அடித்தார். 1566-ல் எழுதிய கடைசிப் பகுதி, ஒரு கிழவன் தன் சொந்த முரட்டுத்தனத்தை நொந்துகொள்ளும் புலம்பல். மறு ஆண்டு அவர் போய்விட்டார்.

சுபோங் பெரிய அறிஞர் ஆகவில்லை. 1592-ல் ஜப்பானியப் படையெடுப்பு வந்தபோது, மக்களே திரட்டிய படையில் சேர்ந்து போராடினார், அதற்கான வெகுமதியையும் வேண்டாம் என்றுவிட்டார் என்று குடும்ப வரலாறு சொல்கிறது. 'பார்த்தீர்களா, வில்லையும் எடுத்தானே' என்று யாராவது சொல்லக்கூடும். இத்தனை பொருளை எடுத்த குழந்தைக்கு ஏதாவது ஒன்று பலிக்காமலா போகும்! எனக்கு அதில் அக்கறை இல்லை. அதே நூலில் முன்பக்கங்களில் பேரனின் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் நடுங்கிய மனிதர்தான் பின்பக்கங்களில் பிரம்போடு நிற்கிறார். பிழைத்தால் போதும் என்று இருந்தவருக்கு, பிழைத்துவிட்டான் என்று தெரிந்ததும் தூரிகை ஞாபகம் வந்துவிடுகிறது. நம் வீடுகளில் பத்தாம் வகுப்புத் தேர்வு நாட்களில் நான் பார்க்கும் முகங்கள் எல்லாம் எனக்கு இந்தத் தாத்தாவின் முகமாகத்தான் தெரிகின்றன.

இது கிழக்காசியாவோடு நிற்கிற வழக்கமும் அல்ல. ஜப்பானில் இதே போன்ற தேர்வு உண்டு, முதுகில் பெரிய அரிசிப் பலகாரத்தைக் கட்டி நடக்கவிடுவதும் உண்டு. ஆர்மீனியர்கள் முதல் பல் முளைக்கும்போது செய்கிறார்கள். நம்ம நாட்டிலேயே, அன்னப்பிராசனத்தின் முடிவில் குழந்தையின் முன் புத்தகம், ஆயுதம், தொழிற்கருவி வைத்து, முதலில் தொடுவதே அதன் பிழைப்பு என்று அறியும்படி மார்க்கண்டேயர் பெயரால் ஒரு விதியைத் தர்மசாஸ்திரத் தொகுப்புகள் எடுத்துக் காட்டுகின்றன. வங்காளிகள் வீட்டுக்கு அன்னப்பிராசனத்துக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். தட்டில் மண், பேனா, புத்தகம், நகை, பணம் இருக்கும். மண் என்றால் நிலபுலன். நாம் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த ஆண்டு நிறைவில் இந்தச் சோதனையைப் பொதுவாகப் பார்ப்பதில்லை. மொட்டை, காதுகுத்து, சில வீடுகளில் ஆயுஷ் ஹோமம். கொரிய மேசையில் நூற்கண்டு கேட்பதை நம் வீட்டு ஹோமம் கேட்கிறது.

கொரியாவில் குழந்தை இறப்பு இப்போது ஆயிரத்துக்கு மூன்றுக்கும் கீழே. அந்தப் பழைய பயம் போய்விட்டது. மேசையில் இடம் காலியானதும் உத்தியோகங்கள் ஏறி உட்கார்ந்துகொண்டன. ஸ்டெதாஸ்கோப், மைக், கால்பந்து, கோல்ஃப் பந்து, கணினி மவுஸ், நீதிபதியின் சுத்தியல். இதில் ஒரு வேடிக்கை, கொரிய நீதிமன்றத்தில் நீதிபதிகள் சுத்தியல் தட்டுவதே கிடையாது. சினிமாவில் பார்த்த அமெரிக்கச் சுத்தியலைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்!

விருந்தாளிகள் கொண்டுவரும் பரிசு தங்க மோதிரம். பழைய கணக்கு ஒரு 'தோன்', 3.75 கிராம், அரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. பொருளாதாரம் சரிந்த 1998-ல் நாட்டுக்குத் தங்கம் சேர்க்க இயக்கம் நடந்தபோது சுமார் 35 லட்சம் பேர் 227 டன் அளவுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதில் பிள்ளைகளின் தொல் மோதிரங்களும் ஏராளம். தங்கம் விலை ஏறிய பிறகு ஒரு கிராம் மோதிரமும் வந்துவிட்டது. பிள்ளைகளே குறைந்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். 2023-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 குழந்தைதான். ஒற்றைப் பிள்ளையின் ஒற்றை மேசையில் இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிகளின் ஆசையும் சேர்ந்து ஏறுகிறது.

எங்கள் மேல்மாடிக் குழந்தையின் தொல்லுக்கு நாங்களும் போயிருந்தோம். நிகழ்ச்சியை நடத்த ஒருவர், எதை எடுக்கும் என்று சரியாக ஊகித்தவருக்குப் பரிசு, ஒரே ஆரவாரம். குழந்தை மைக்கை எடுத்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா சிரித்தாள், அப்பாவின் கண் ஸ்டெதாஸ்கோப்பின் மேலேயே இருந்தது. இரண்டாம் முறை எடுக்கலாம் என்று அறிவித்தார்கள். சோலிலிருந்து வந்திருந்த பாட்டி, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, மேசையின் ஓரத்தில் கிடந்த நூற்கண்டைக் குழந்தையின் கைக்கு எட்டும்படி மெதுவாகத் தள்ளி வைத்தாள்.