ஏரி வாரியம்

ஏரி வாரியம் என்பது சோழர் காலத்தில் ஊர்ச்சபையின் சார்பில் ஏரியைக் காத்துப் பராமரித்த குழு. பதவியில் இருப்பவர் ஊருக்குக் கடமைப்பட்டவர், கணக்குக் காட்ட வேண்டியவர் என்பதை விதியாகவே எழுதிவைத்ததால், தொண்டுத் தலைமையின் வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு. அக்கருத்தை நிர்வாகவியலில் பரப்பிய அமெரிக்கர் ராபர்ட் கிரீன்லீஃபின் கட்டுரை 1970இல் வெளிவந்தது. ஏரி வாரியத்தின் விதிகளைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் அதற்கு ஆயிரம் ஆண்டு மூத்தவை.

பின்னணி

உத்திரமேரூர் இருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டம் ஏரிகளை நம்பிய நாடு. பாலாறு ஆண்டு முழுதும் ஓடுவதில்லை. வடகிழக்குப் பருவமழையைத் தேக்கினால்தான் பயிர். உத்திரமேரூரின் வைரமேக தடாகம் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தது எனக் கருதப்படுகிறது. கொடையாகப் பெற்ற பொன்னின் வட்டியைக் கொண்டு இத்தகைய ஏரிகளில் தூர் வாரினர். 

தேர்வும் தகுதியும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள, சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. குடும்பு எனப்படும் ஊரின் 30 பிரிவுகளிலிருந்தும் பிரிவுக்கு ஒரு பெயராக ஓலை எடுக்கப்படும். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் குடத்திலிருந்து ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் அதை வாங்கி, எல்லோரும் கேட்க வாசிப்பான். தேர்வான 30 பேரில் 12 பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் போவர். முன்பு தோட்டமும் ஏரியும் பார்த்தவர்களும், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களுமே சம்வத்சர வாரியத்துக்கு எடுக்கப்பட்டனர்.

பதவிக்காலம் 360 நாள். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதி இழந்தனர். பதவியில் இருக்கையில் குற்றம் கண்டால் உடனே நீக்கம்.

வரம்புகள்

உத்திரமேரூர் பிராமணருக்கு வழங்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். 921ஆம் ஆண்டு விதிப்படி 35 முதல் 70 வயதுக்குட்பட்ட, பொதுவாகக் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் உடையவரே குடத்தில் இடம்பெற்றனர். பெண்களுக்கும் நிலமற்ற உழவருக்கும் இடமில்லை. மண் சுமந்து கரை கட்டியவர்கள், கரையை யார் மேற்பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியாதவர்களாகவே இருந்தனர்.

பிற்காலம்

சோழர் ஆட்சிக்குப் பின் இத்தகைய சபைகள் மங்கினாலும், வீட்டுக்கு ஓர் ஆள் அனுப்பி ஏரியைச் சீர்செய்யும் குடிமராமத்து நீடித்தது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் கலெக்டர் லயோனல் பிளேஸ் 1790களில் மதுராந்தகம் ஏரியைச் செப்பனிட்டார். உடையவிருந்த கரையை இராமர் காத்தார் என்ற ஐதிகத்தால் அங்குள்ள கோயில் 'ஏரி காத்த ராமர்' கோயில் என்றே அறியப்படுகிறது. பின்னர் 1858ஆம் ஆண்டுச் சட்டம், ஆபத்துக் காலத்தில் ஏரி வேலைக்கு வருவதைக் கட்டாயமாக்கியது. ஊர் தானாகச் செய்த பணி, மறுத்தால் தண்டனைக்குரியதாயிற்று.

தமிழ்நாட்டில் 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஆயக்கட்டு விவசாயிகள் தேர்ந்தெடுக்கும் நீர்ப்பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு வழிவகுத்தது. குடிமராமத்து என்ற பெயரிலேயே 2017இல் அரசு ஏரிச் சீரமைப்பைத் தொடங்கியது. கணக்குக் காட்டாதவருக்கு அடுத்த முறை இடமில்லை என்ற உத்திரமேரூர் விதி, எந்தச் சங்கத்துக்கும் இன்றும் பொருந்தும் அளவுகோல்.