பினாங்கில் நிழற்படத் தொழிலின் வாழ்வும் தாழ்வும்

மலேசியத் தமிழர் இல்லங்கள் பலவற்றில் நடுக்கூடத்துச் சுவரில் ஒரு நிழற்படம் தொங்குவதைக் காணலாம். கண்ணாடியின் மீது சந்தனப் பொட்டு. சட்டத்தைச் சுற்றி மாலை. பாட்டனாரோ பாட்டியாரோ அதில் நேரே நோக்கியவாறு இருப்பார். முகத்தில் சிரிப்பு இராது. கூர்ந்து பார்த்தால், மிகச் சிறிய படம் ஒன்றைப் பெரிதாக்கி எடுத்த பிரதி அது என்பது புலனாகும். பல குடும்பங்களில் அந்தச் சிறிய படம் அடையாள அட்டைக்காக எடுக்கப்பட்டதேயாகும். அதைத் தவிர வேறு படமே எடுத்துக்கொள்ளாமல் வாழ்ந்து மறைந்தோர் தோட்டப்புறங்களில் பலர். அவர்களுடைய முகம் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைத்ததற்கு, பெயர் தெரியாத ஒரு நிழற்படக்காரரே காரணம்.

இன்று அந்தத் தொழிலின் எதிர்காலம் குறித்த ஐயம் எங்கும் எழுந்துள்ளது. ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி, ஒவ்வொரு கைப்பேசியிலும் கேமரா என்றான பிறகு, கூலி கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ள ஆளிருக்குமா? நிழற்படக்காரர் என்னும் ஒரு தொழிலாளர் இனி வாழ்வாரா? இவ்வினாவுக்கு ஊகத்தால் விடை காண வேண்டியதில்லை. ஏறத்தாழ 160 ஆண்டுக் காலமாக நிழற்படத்தோடு உறவு கொண்ட பினாங்குத் தீவின் வரலாறே அதற்குத் தக்க விடை பகர்கின்றது.

ஈரத் தகட்டின் காலம்

1839ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் தாகேர் என்பாரின் நிழற்பட முறை உலகுக்கு வெளிப்படுத்தப்பட்டது. அதனால் முதலில் நலிந்தோர் ஓவியர்களே. செல்வர்களின் உருவத்தைச் சிறு தகடுகளில் தீட்டிப் பிழைத்த ஐரோப்பிய ஓவியர் பலர் சில ஆண்டுகளுக்குள் தூரிகையை விட்டுக் கேமராவைக் கையிலெடுத்தனர். ஆகவே, பிறர் தொழிலைப் பறித்தே நிழற்படத் தொழில் பிறந்தது எனலாம். பின்னர்த் தனக்கு நேர்ந்ததை அது முன்னரே பிறருக்குச் செய்திருந்தது.

1851இல் இங்கிலாந்தின் ஆர்ச்சர் கண்ட ஈரத் தகட்டு முறை தொழிலுக்கு உறுதியான அடித்தளம் இட்டது. கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, அது உலரும் முன்னரே படம் எடுத்து, உடனே இருட்டறையில் கழுவியாக வேண்டும். வெப்ப நாடுகளில் தகடு இன்னும் விரைவாக உலரும். எனவே வெளியூர் செல்லும் நிழற்படக்காரர் இருட்டுக் கூடாரம், கண்ணாடிகள், மருந்துப் புட்டிகள் ஆகியவற்றையும் அவற்றைச் சுமக்க ஆட்களையும் உடன் கொண்டு செல்ல வேண்டியிருந்தது. அந்த அருமையே தொழிலுக்கு வேலியாக நின்றது.

இம்முறையைக் கைக்கொண்டு 1862இல் கீழ்த்திசைக்கு வந்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் தாம்சன். அவர் பினாங்கிலும் எதிர்க்கரையில் உள்ள வெல்லெஸ்லி மாநிலத்திலும் பத்து மாத காலம் தங்கிப் படமெடுத்தார். 1867வரை பினாங்கு இந்தியாவிலிருந்து ஆளப்பட்ட பகுதியாகும். 1875இல் வெளிவந்த தம் பயண நூலில் தாம்சன் ஒரு செய்தியைக் குறிப்பிடுகின்றார். நிழற்பட வேலையை மாய வித்தை என்று அஞ்சிச் சீனர்கள் உதவிக்கு வர மறுத்தனர். எனவே சென்னையிலிருந்து வந்த இருவரைத் தம் உதவியாளராக அமர்த்தி, படி எடுக்கும் வேலையைப் பழக்கினார். தாம்சனின் படங்கள் இன்று உலகின் பெருநூலகங்களில் காக்கப்படுகின்றன. அவற்றைத் தாளில் ஏற்றிய கைகளுள் நம் மண்ணிலிருந்து சென்ற கைகளும் இருந்தன என்பது தமிழ் மாணவர் மறக்கத்தகாத செய்தியாகும்.

தாம்சனையடுத்து, டென்மார்க்கு நாட்டவரான கிறிஸ்டன் ஃபெயில்பெர்க் பினாங்கில் தொழில் நடத்தினார். 1870இல் அவர் சுமத்திராவின் பத்தாக் மக்கள் வாழும் மலைநாட்டுக்கும் கேமராவோடு சென்றார். காலப்போக்கில் சீனரும் அச்சம் நீங்கி இத்தொழிலில் முன்னணிக்கு வந்தனர். போருக்கு முன்னர் மலாயாவின் நகரங்களில் சப்பானியரும் படக்கடைகள் வைத்திருந்தனர்.

எளிமை தந்த வளம்

தொழிலுக்கு வேலியாக இருந்த அருமை 1888இல் தகர்ந்தது. அமெரிக்கரான ஈஸ்ட்மன் வெளியிட்ட கோடாக் கேமராவின் விலை 25 டாலர். அதனுள் 100 படங்களுக்குரிய சுருள் இருந்தது. படமெடுத்து முடித்ததும் கேமராவை அப்படியே தொழிற்சாலைக்கு அனுப்பினால் போதும். கழுவிப் படி எடுத்துப் புதுச் சுருளும் இட்டுத் திருப்பியனுப்புவர். 1900இல் ஒரே டாலர் விலையில் பிரௌனி கேமரா வந்தது. சிறுவரும் படமெடுக்கலாயினர்.

தொழில் அன்றே அழிந்திருக்க வேண்டுமன்றோ? அழியவில்லை, மாறாக வளர்ந்தது. ஏனெனில், படம் எடுப்பது எளிதாயிற்றேயன்றி, படத்தை உருவாக்குவது எளிதாகவில்லை. கேமரா வாங்கியவர் சுருள் வாங்கக் கடைக்கு வந்தார், கழுவ வந்தார், படி எடுக்க வந்தார், பிடித்த படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட மீண்டும் வந்தார். ஒவ்வொரு கேமராவும் கடைக்காரருக்கு ஒரு புதிய வாடிக்கையாளரைத் தேடித் தந்தது. எளிமை தொழிலைக் கொல்லும் என்னும் பொதுக் கருத்து முழு உண்மையன்று என்பதற்கு இதுவே சான்று.

அதே வேளையில், நிலையத்துக்குச் சென்று படமெடுத்துக்கொள்வதும் தனிச் சிறப்போடு விளங்கியது. மாடிப்படியும் தூண்களும் தீட்டிய திரை, ஓரத்தில் பூச்சாடி, நடுவில் நாற்காலி. ஒரு நாள் உழைப்பாளி அங்கே சில நிமிடம் செல்வராய் வீற்றிருந்தார். அவ்வாறு எடுத்த படம் கடிதத்தோடு ரஜூலா போன்ற கப்பல்களில் நாகப்பட்டினம் சென்றது. ‘நலமாக இருக்கிறேன்’ என்று எழுதத் தெரியாதவருக்காக அந்தப் படமே பேசிற்று. பெண் பார்ப்பதற்கும் படம் சென்றது. பிறந்த குழந்தையைப் பார்க்க முடியாத பாட்டிக்கும் படம் சென்றது.

அடையாள அட்டை

நிழற்படத் தொழிலுக்கு அரசு அளித்த பேராதரவு எதிர்பாராத வழியில் வந்தது. 1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து, 12 வயதுக்கு மேற்பட்டோர் அனைவரும் படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை பெற வேண்டுமென்று ஆணை எழுந்தது. அதுவரை கேமராவின் முன் நின்றறியாத பால்மரத் தொழிலாளர்களும் கேமராவின் முன் நிறுத்தப்பட்டனர். அரசு அவர்களைக் கண்காணிக்க விரும்பியது. ஆனால், அந்தக் கண்காணிப்பே அவர்களுடைய முகங்களை வருங்காலத்துக்குக் காத்துத் தந்தது. அச்சத்தில் பிறந்த படம் அன்பின் சின்னமாய்ச் சுவரேறியது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

அதன்பின் அடையாள அட்டை, கடப்பிதழ், பள்ளிப் பதிவு என்று சிறு படங்களுக்குரிய தேவை ஓயவில்லை. நிலையங்களின் அன்றாட வருவாய் பெரும்பாலும் அவற்றிலிருந்தே வந்தது. தமிழ் நேசன் முதலிய நாளேடுகளில் நினைவஞ்சலி வெளியிடவும் அந்தப் படமே பயன்பட்டது.

தாழ்வுக்குரிய காரணங்கள்

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மூன்று அடிகள் அடுத்தடுத்து விழுந்தன. அவற்றைப் பிரித்தறிவது இன்றியமையாதது.

முதலாவது, வாடகை. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு முடிவுற்றது. ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் குறைந்த வாடகையில் நடந்துவந்த சிறுதொழில்கள் பல வெளியேறின. 2008 ஜூலையில் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியத் தலமாக ஏற்றபின் கட்டடங்களின் மதிப்பு மேலும் உயர்ந்தது. இந்த அடிக்கும் கேமராவுக்கும் தொடர்பில்லை.

இரண்டாவது, அரசு தந்ததை அரசே திரும்பப் பெற்றமை. 2001இல் மைகாட் அறிமுகமாயிற்று. இன்று விண்ணப்பதாரரின் முகத்தைப் பதிவு அலுவலகத்தின் முகப்பிலேயே கருவி பதிந்துகொள்கின்றது.

மூன்றாவதே எண்ணியல் கேமரா. அது சுருளை நீக்கியது, கழுவுதலை நீக்கியது, படி எடுக்கும் தேவையையும் நீக்கியது. 1888இன் எளிமை வாடிக்கையாளரைக் கடைக்குக் கொணர்ந்தது. இந்த எளிமையோ அவரைக் கடைக்கு வராமலே செய்துவிட்டது. இதற்குக் கோடாக் நிறுவனமும் தப்பவில்லை. அதன் பொறியாளர் சாசன் 1975இலேயே எண்ணியல் கேமரா ஒன்றை உருவாக்கியிருந்தும், சுருளை நம்பியே நின்ற அந்நிறுவனம் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது.

எஞ்சி நிற்பது யாது?

கருவியின் அருமையால் கிடைத்த பிழைப்பு போயிற்று, அது மீளாது. ஆயினும் பொறுப்பால் கிடைக்கும் பிழைப்பு போகவில்லை. திருமண மண்டபத்தில் நூறு கைப்பேசிகள் உயர்ந்தாலும், மணவீட்டார் இன்றும் ஒரு நிழற்படக்காரரை அமர்த்துகின்றனர். தாலி கட்டும் கணம் ஒருமுறைதான் வரும். ‘அந்த நேரத்தில் கை நடுங்கிவிட்டது’ என்று உறவினர் சொல்லலாம். தொழில் செய்பவர் சொல்ல முடியாது. கூலி என்பது அந்தப் பொறுப்புக்குத் தரும் விலையே.

கண்ணின் பயிற்சியும் போகவில்லை. பினாங்கில் 1940இல் பிறந்து 2013இல் மறைந்த இஸ்மாயில் ஹஷிம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. கருப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணமிடும் பழைய நிலையத்து வேலையை அவர் கலையாக உயர்த்தினார். முடிதிருத்தும் கடைகளும் மிதிவண்டிகளுமாகிய எளிய பொருள்களே அவருடைய படங்களில் இடம்பெற்றன. 2012இல் ஆர்மீனியன் தெருச் சுவரில் மிதிவண்டியோடு குழந்தைகளின் ஓவியம் தீட்டப்பட்டபின், அதன்முன் நின்று படமெடுக்காத சுற்றுலாப் பயணி அரியர். எல்லாரும் காண்பதைப் படமெடுக்க எல்லாராலும் இயலும். ஒருவரும் காணாததைக் காண்பதற்கே கலைஞர் வேண்டும்.

ஆயினும், தொழில் வாழுமா என்பதைவிட அவசரமான வினா ஒன்று உண்டு. நிலையம் மூடப்படும்போது அதன் பெட்டிகளில் உள்ள எதிர்ப்படங்கள் எங்கே போகின்றன? ஒரு தலைமுறையின் முகங்கள் அவற்றில் அடங்கியுள்ளன. தமிழகத்தில் மறைந்துவரும் படநிலையங்களின் பழம்படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு எண்ணியல் வடிவில் காத்துவருகின்றது. அத்தகைய பணி மலேசியத் தமிழரிடையேயும் பரவுதல் வேண்டும்.

அதற்குப் பெரும்பொருள் வேண்டுமென்று காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டுச் சுவரிலும் பெட்டியிலும் உள்ள படங்களை எடுத்து, அவற்றில் உள்ளோரின் பெயர், ஊர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றை மூத்தோரிடம் கேட்டுப் பின்புறம் எழுதிவைத்தாலே போதும். ஆசிரியர் அதை ஒரு பாடமாகவே அமைக்கலாம். கைப்பேசியில் ஆயிரம் படங்கள் குவிந்திருக்கும் காலத்தில், பாட்டியாரின் ஒரே படத்திலிருப்பவர் பெயர் தெரியாமற் போவது பேரிழப்பன்றோ? படத்தை எடுத்தவர் தம் கடமையைச் செய்து மறைந்தார். அதிலுள்ள முகத்துக்குப் பெயரிட்டுக் காப்பது இனி வருவோரின் கடமையாகும்.