ஈரநெல்லும் மாச்சத்தும்: தஞ்சைக் குறுவை வரலாற்றின் மூலக்கூறு அடிப்படை

தஞ்சைப் பகுதியின் பசுமைப் புரட்சி, விளைச்சல் பெருக்கம், நில உறவு ஆகிய இரண்டின் வழியே பெரிதும் பேசப்பட்டுள்ளது. அறுவடைக்குப் பின் நெல்மணிக்குள் நிகழ்ந்த வேதிமாற்றமும் அவ்வரலாற்றின் ஒரு கூறாகும் என்பதை இக்கட்டுரை முன்வைக்கிறது.

அரிசியின் உலர் எடையில் பெரும்பகுதி மாச்சத்தாகும். குளுக்கோசு என்னும் ஒற்றைச் சர்க்கரையே இப்பெருமூலக்கூறின் அடிப்படை அலகு. அவ்வலகுகள் பெரிதும் நேர்கோட்டில் பிணைந்தால் அமைலோசு. கிளைத்துப் பிணைந்தால் அமைலோபெக்டின். ஈரம் கிட்டியதும் விதைக்கரு ஜிப்பரெல்லினைச் சுரக்கிறது. அதன் தூண்டுதலால் தோன்றும் அமைலேசு நொதி இப்பிணைப்புகளை அறுக்கிறது. முளைக்கும் நாற்றுக்கு இதுவே உணவு; களத்தில் குவிந்த நெல்லுக்கோ இதுவே இழப்பு.

1934-இல் மேட்டூர் அணை நிறைவுற்றபின் குறுவைக்கு உறுதியான நீர் கிடைத்தது. 1960-களின் நடுவில் ஆடுதுறை ஆய்வு நிலையத்திலிருந்து வெளிவந்த ஏ.டி.டி. 27, ஜப்பானிய நோரின் 10, ஜி.இ.பி. 24 ஆகியவற்றின் கலப்பில் உருவான குறுகிய கால இரகம். விரைந்து பரவிய இதன் அறுவடை வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தோடு மோதியது. நெல் ஈரத்துடன் களம் சேர்ந்தது; கதிரிலேயே முளை கட்டுவதும் நேர்ந்தது. மிகுந்த விளைச்சல் உழவர் கையில் தரமிழக்கும் நிலை உருவாயிற்று.

இதற்கு டெல்டாவின் மரபு வழங்கிய விடை புழுங்கல் முறை. நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது வெப்பம் நொதியைச் செயலிழக்கச் செய்கிறது. மாச்சத்து நீரேற்று இளகி, உலரும்போது மணியின் வெடிப்புகளை இணைத்து இறுகுகிறது. அரைவையில் குருணை குறைகிறது. ஆயினும் அவித்த நெல்லையும் உலர்த்தியாக வேண்டும்; மழைக்காலத்தில் வெயிலே அரிது. எனவே புழுங்கல் முறை மட்டும் போதுமானதாக இல்லை.

இச்சூழலில் 1967-இல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஆய்வகம் ஒன்று தொடங்கப்பட்டது. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநரான வி. சுப்பிரமணியன் இம்முயற்சிக்குத் தலைமை தாங்கினார். ஈரநெல்லைக் காப்பதே அதன் தொடக்ககால அக்கறை. உப்பேற்றிய உமியை நெல்லுடன் கலந்து ஈரத்தை இழுக்கும் எளிய முறை அங்கு ஆராயப்பட்டது. பிற்காலத்தில் தஞ்சாவூருக்கு இடம்பெயர்ந்த அந்நிறுவனம், இன்று தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனமாக விளங்குகிறது.

ஆகவே குறுவையின் வெற்றி விதையோடும் உரத்தோடும் முடிந்துவிடவில்லை. குளுக்கோசு அலகுகளின் பிணைப்பு அறுபடாமல் காக்கப்பட்ட அளவிலேயே விளைந்த நெல் உணவாயிற்று. விளைச்சல் கணக்கோடு அறுவடைக்குப் பிந்தைய இழப்பையும் சேர்த்து ஆராயும்போதே டெல்டாவின் வேளாண் வரலாறு முழுமை பெறும்.