பட்டியலுக்கு வெளியே நின்றவர்கள்

மெல்பேர்ணில் விக்டோரியாப் பாராளுமன்றத்துக்கு அருகே ஒரு சிறு பூங்காவில், சுருள் விரியும் கடதாசியின் உருவில் ஒரு சிற்பம் இருக்கிறது. 1891இல் வாக்குரிமை கேட்டு விக்டோரியாப் பெண்கள் திரட்டிய மனுவின் நினைவுச் சின்னம் அது. வீடு வீடாகக் கதவைத் தட்டி ஏறக்குறைய 30,000 கையொப்பங்களை வாங்கி, தாள்களைத் துணியில் ஒட்டிச் சுருட்டினார்கள். அதன் நீளம் சுமார் 260 மீற்றர். இருந்தும் மாநிலத் தேர்தலில் வாக்களிக்க அவர்கள் 1908 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கூட்டாட்சிப் பாராளுமன்றம் முந்திக்கொண்டது. 1902ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கு வாக்களிக்கவும் தேர்தலில் போட்டியிடவும் ஒருசேர உரிமை தந்தது. நாடு முழுவதற்குமாக இவ்விரண்டையும் முதலில் வழங்கியது அவுஸ்திரேலியாதான். இந்தப் பெருமையைச் சொல்லும்போது நம்மில் பலர் இந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறோம்.

ஆனால் அதே சட்டத்தின் 4ஆம் பிரிவையும் வாசிக்க வேண்டும். அவுஸ்திரேலியப் பழங்குடிகள், ஆசியர், ஆபிரிக்கர், நியூசிலாந்து நீங்கலான பசிபிக் தீவினர் ஆகியோரின் பெயர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்கிறது அது. ஏற்கெனவே மாநில வாக்குரிமை பெற்றிருந்தவர்களுக்கு மட்டுமே விலக்கு. என்னைப் போன்ற ஒருத்தி அன்று இங்கே இருந்திருந்தால், அந்தச் சட்டத்தின் கண்ணில் அவள் பெண்ணாக இருந்திருக்க மாட்டாள். ஆசியாக்காரியாக மட்டுமே இருந்திருப்பாள்.

1922இல் வலங்கைமானில் பிறந்த தமிழர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி இங்கு வந்து, குடியேறி வாழும் இந்தியருக்குச் சம உரிமை வேண்டுமென்று வாதாடினார். 1925இல் பிரித்தானிய இந்தியாவில் பிறந்தோர் மீதிருந்த தடை நீங்கியது. இந்த மண்ணின் பழங்குடிப் பெண்கள் எல்லோருக்கும் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை கிடைத்ததோ 1962இல்தான்.

நாம் விட்டு வந்த ஊரின் கதையும் இதற்குத் தூரமில்லை. 1927இல் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தொடங்கியது. எதிர்த்தவர்களில் நாம் இன்றும் போற்றும் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்த சங்கத்துப் பெண்களிடம், தோட்டங்களில் கூலி வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று கேட்கப்பட்டது. அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று தயங்காமல் பதில் சொன்னவர் செயலாளர் அக்னஸ் டி சில்வா. மலையகத்தில் கணவர் கோ. நடேசய்யருடன் தொழிலாளரிடையே உழைத்த மீனாட்சியம்மாளும் பெண்களின் வாக்குரிமைக்குக் குரல் கொடுத்தார்.

1931இல் 21 வயதான ஆண் பெண் இருபாலாருக்கும் இலங்கையில் வாக்குரிமை வந்தது. இந்தியத் தமிழருக்கு மட்டும் வதிவிட நிபந்தனைகள் இருந்தன. யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கோ அந்த முதல் வாக்கும் கைநழுவியது. பூரண சுயாட்சி கேட்ட இளைஞர் காங்கிரஸின் பகிஷ்கரிப்பால் குடாநாட்டில் தேர்தலே நடக்கவில்லை. 1934 வரை பொறுத்திருந்தார்கள். மலையகப் பெண்களுக்கு நேர்ந்தது இதைவிடக் கொடிது. 1948இன் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டுத் தேர்தல் திருத்தமும் அவர்களில் பெரும்பாலானோரின் பெயர்களைப் பட்டியலிலிருந்து அகற்றிவிட்டன. கிடைத்த உரிமையையும் பறிக்க முடியும் என்பதற்கு நம் வரலாற்றில் இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

இரண்டு நாடுகளிலும் முதலில் எழுந்த கேள்வி, பெண்ணுக்கு உரிமை உண்டா என்பது. அது தீர்ந்த பின்னும் எந்தப் பெண்ணுக்கு என்ற கேள்வி மிஞ்சியது. அது இன்னும் பழங்கதையாகிவிடவில்லை. 2023இல் 22 அகதிப் பெண்கள், அவர்களில் ஈழத்தமிழ்ப் பெண்களும் அடக்கம், நிரந்தர விசா கேட்டு மெல்பேர்ணிலிருந்து கன்பராவுக்கு 600 கிலோமீற்றருக்கும் மேல் நடந்தார்கள். பத்தாண்டுக்கு மேலாக இங்கே வேலை செய்து, வரி கட்டி, பிள்ளைகளை வளர்த்தவர்கள். குடியுரிமை இல்லாததால் அவர்கள் எந்த வாக்காளர் பட்டியலிலும் இல்லை.

தேர்தல் நாளில் அபராதத்துக்குப் பயந்து வரிசையில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கு, அந்த 260 மீற்றர் சுருளைப் பற்றிச் சொல்லுவோம். அதோடு 4ஆம் பிரிவையும், மலையகத்தையும், கன்பரா வரை நடந்த கால்களையும் சேர்த்தே சொல்லுவோம்.